புலிக் கணக்கெடுப்பு: கேமராவில் விழாத புலியை எப்படி எண்ணுகிறார்கள்?

சிறுமலைக்காரன்:
தமிழ்நாட்டில் 2018ல் 264 புலி, 2022ல் 306 புலி என்று கணக்கு வந்தது தெரியும். இதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். காடு முழுக்கக் கேமரா கட்டி, ஒவ்வொரு புலியையும் படம் பிடித்து, உடம்பு வரியைப் பார்த்துப் பிரித்து எண்ணுகிறார்கள், ஆகவே 306 என்றால் 306தான் என்கிறார் மாமா. கேமரா பக்கமே வராத புலி இருக்காதா, அதை யார் எண்ணியது என்கிறாள் தங்கை. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. முதுமலைப் புலி பந்திப்பூருக்கும் போகும், வயநாட்டுக்கும் போகும். மூன்று மாநிலமும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாதா? களத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். செய்தி லிங்க் வேண்டாம், எல்லாம் படித்தாயிற்று.

மாயாறு:
தங்கை கேட்டதுதான் கேள்வி. 2018 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாகப் படங்கள் விழுந்தன. அதில் புலி இருந்தவை 76,651. அந்தப் படங்களிலிருந்து தனித்தனி ஆளாக அடையாளம் கண்ட, ஒரு வயது தாண்டிய புலிகள் 2,461. ஆனால் அறிவித்த எண் 2,967. நடுவில் இருக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் புலிகளைக் கேமரா பார்க்கவே இல்லை. 2022லும் அதே கதைதான். படத்தில் பிரித்தறிந்தது 3,080, அறிவித்த சராசரி 3,682. ஆக, மாமா சொல்வது போல அது ஆள் கணக்கு இல்லை, மதிப்பீடு. ஆனால் வாய்க்கு வந்ததை எழுதிய மதிப்பீடும் இல்லை.

பந்திப்பூர்ச் சந்தேகம் நியாயமானது. ஒவ்வொரு காப்பகத்துப் படமும் தேசிய அளவில் ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடப்படுகிறது. ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் அது ஒரே புலி. அதனால்தான் அறிக்கையில் காப்பகத்துக்கு இரண்டு எண் இருக்கும், உள்ளே இருப்பவை என்று ஒன்று, அந்தக் காப்பகத்தைப் பயன்படுத்துபவை என்று ஒன்று. இரண்டாவது எண்ணையே எல்லாக் காப்பகத்துக்கும் கூட்டிக்கொண்டே போனால்தான் நீங்கள் சொல்லும் குழப்பம் வரும்.

உண்ணிமுள்:
பார்க்காத புலியைக் கணக்கில் சேர்ப்பதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் பதினாறு பதினெட்டுப் புலி இருப்பதாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள், 2005ல் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதே துறை, அதே ஆட்கள். இப்போது மட்டும் நம்ப வேண்டுமா?

எண்சாண்:
சரிஸ்காவில் பொய்த்தது கால்தடக் கணக்கு. வனக்காவலர் மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடியில் வரைந்தெடுப்பார், அதை வைத்து இது இன்ன புலி என்று அதிகாரிகள் முடிவு செய்வார்கள். 1960களிலிருந்து அப்படித்தான் நடந்தது. ஈர மண்ணில் ஒரு அளவு, புழுதியில் ஒரு அளவு என்று ஒரே புலியின் தடமே மாறும். அதைவிட முக்கியம், எத்தனை புலியைத் தவறவிட்டோம் என்று அந்த முறையில் கேட்கவே வழி இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்பதுதான் அதன் அடிப்படை. புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் கேமரா வைத்து 1995ல் வெளியிட்ட ஆய்வு மாற்றியது இந்த இடத்தைத்தான். எத்தனை தவறவிட்டோம் என்பதையும் தரவே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

எப்படிச் சொல்லும்? ஒரு எடுத்துக்காட்டு, எண்கள் என் கற்பனை. ஒரு காட்டில் முதல் இருபது நாளில் 10 புலி படத்தில் விழுகிறது. அடுத்த இருபது நாளில் 8 விழுகிறது, அதில் 4 ஏற்கெனவே விழுந்த புலி. இரண்டாம் முறை வந்தவற்றில் பாதிதான் பழைய முகம். அப்படியானால் முதல் முறை நாம் பார்த்ததும் மொத்தத்தில் பாதியாகத்தான் இருக்கும், ஆக மொத்தம் சுமார் 20. நேரில் பார்த்தது 14, பார்க்காதது 6. இதுவே எட்டில் எட்டும் பழைய முகமாக இருந்தால் காட்டில் 10தான், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. திரும்பத் திரும்ப ஒரே புலி விழுவது வீண் படம் இல்லை உண்ணிமுள், அந்தத் திரும்ப விழுவதில்தான் கணக்கே இருக்கிறது.

மாயாறு:
எண்சாண் சொன்னதோடு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 புலி சரி, எத்தனை சதுர கிலோமீட்டருக்கு 20? பழைய முறையில் கேமராக்களைச் சுற்றி ஒரு பட்டையை உத்தேசமாக வரைந்து பரப்பைக் கூட்டிக்கொள்வார்கள். பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கினால் அடர்த்தி இறங்கிவிடும். இப்போது ஒவ்வொரு புலிக்கும் ஒரு நடமாட்ட மையம் இருப்பதாகவும், அந்த மையத்திலிருந்து கேமரா தள்ளிப் போகப் போக அது படத்தில் விழும் வாய்ப்பு குறைவதாகவும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்பதே அந்த வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே கேமரா வைக்கும் இடைவெளிதான் உயிர். காட்டை 2 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி. ஒரு பெண் புலியின் எல்லைக்குள் நாலைந்து கேமராவாவது வந்துவிட வேண்டும். நடுவில் பெரிய ஓட்டை விட்டால் அந்த ஓட்டைக்குள்ளேயே ஒரு புலி வாழ்ந்துகொண்டிருக்கும், எந்தச் சூத்திரமும் அதை மீட்காது. அப்புறம், இதையெல்லாம் ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு மாதம் இழுத்தால் நடுவில் செத்தது, குட்டி போட்டது, புதிதாக வந்தது எல்லாம் கலந்து எண்ணிக்கை ஊதிவிடும்.

சிறுமலைக்காரன்:
ஜோடி எதற்கு? ஒன்று போதாதா?

மாயாறு:
புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒற்றைக் கேமராவில் இன்று ஒரு இடப்பக்கம், நாளை ஒரு வலப்பக்கம் விழுந்தால் அது ஒரே புலியா இரண்டா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதனால் பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் கண்ணைக் குருடாக்கும், ஆகவே கொஞ்சம் தள்ளித் தள்ளி. உயரம் ஒன்றரை அடி. கட்டி முடித்ததும் அதன் முன்னால் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து போய்க் காட்ட வேண்டும். மனிதன் நிமிர்ந்து நடந்தால் விழும் படம் வேறு, முதுகு இரண்டரை மூன்றடி உயரத்தில் போகிற விலங்குக்கு விழுவது வேறு. எங்கள் குழுவில் இதற்கென்றே ஒரு இருளர் அண்ணன் உண்டு, வேட்டைத் தடுப்புக் காவலர். புலி மாதிரியே தோளை இறக்கி, தலையைத் தாழ்த்திப் போவார். படத்தைப் பார்த்து, வயிறு தெரிகிறதா, பின்னந்தொடை வரை வருகிறதா, கேமராவை ஒரு விரல் கீழே சாய்க்கலாமா என்று அவரே சொல்வார். எந்தப் பாறையில் மூத்திரம் தெளித்திருக்கிறது, எந்த வளைவில் கீறல் போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் யாருக்கும் தெரியாது. அறிக்கையில் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் கூட வராது, அது வேறு வயிற்றெரிச்சல்.

வரி ஒப்பிடுவதைக் கேட்காமலே சொல்கிறேன். மென்பொருள் இருக்கிறது. புலியின் உடம்பை முப்பரிமாண வடிவமாக விரித்து, வரிகளை அதன்மேல் படியவைத்து, ஒத்துப்போகக்கூடியவற்றை வரிசையாகக் காட்டும். ஆனால் கடைசி முடிவு மனிதக் கண்தான். விலாவில் ஒரு வரி ஆங்கில ஒய் மாதிரிப் பிரிகிறதா, அதற்குப் பின்னால் இரண்டு வரி சேர்ந்து கண்ணி போல மூடுகிறதா என்று அடையாளம் வைத்துக்கொண்டு பார்ப்போம். புலி திரும்பும்போது தோள் மடிப்பில் வரி சுருங்கிவிடும், அங்கே பார்த்து முடிவெடுக்கக் கூடாது. விலாவும் தொடையும்தான் நம்பகம்.

ஈப்போ_நண்பன்:
மலேசியாவிலிருந்து. வரி, புள்ளி என்று நீங்கள் பேசுவதைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் பக்கம், தாய்லாந்தின் தெற்கே நிலம் ஒடுங்கும் கிரா நிலச்சந்திக்குக் கீழே, சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. கேமராவில் விழும், கறுப்பு உருவம் ஒன்று போகும், அவ்வளவுதான். எந்தச் சிறுத்தை என்று எப்படிச் சொல்வது? ரொம்ப காலம் எங்கள் சிறுத்தைகளுக்கு உருப்படியான அடர்த்திக் கணக்கே இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

பிறகு திரங்கானுவில் கென்யிர் பக்கம் ஆய்வு செய்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள், 2015ல் வெளியானது. கறுப்புத் தோலிலும் புள்ளி இருக்கிறது, அகச்சிவப்பு வெளிச்சத்தில் அது தெரியும். ஆனால் கேமரா பகலில் அகச்சிவப்புக்குப் போகாதே. அதனால் வெளிச்சத்தை உணரும் பகுதியை ஏமாற்றி, எந்நேரமும் இரவு என்று நினைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். பட்டப்பகலிலும் அகச்சிவப்புப் படம். கறுப்புச் சிறுத்தையின் ரோஜாப்பூப் புள்ளி பளிச்சென்று வந்தது. கோடி ரூபாய்க் கருவி எதுவும் இல்லை, இருக்கிற பெட்டியையே தலைகீழாக யோசித்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்த ஆய்வு இதுதான்.

வெருகு:
ஈப்போ, அருமை. இதில் ஒரு முரண் இருக்கிறது கவனித்தீர்களா? புலிக்கு வெள்ளை ஃபிளாஷ்தான் நல்லது, நடந்துபோகும் புலியின் வரி கூர்மையாக வரும். அகச்சிவப்பில் இரவுப் படம் பெரும்பாலும் இழுபட்டு மங்கும். நீலகிரியிலும் கருஞ்சிறுத்தை உண்டு, அதற்கு உங்கள் ஊர் அகச்சிவப்பு வேண்டும். ஆக ஒரே கேமரா இரண்டு விலங்குக்கும் ஒத்துவராது. எல்லாப் பூனைக்கும் ஒரே கணக்கெடுப்பு என்று யாராவது திட்ட அறிக்கை எழுதினால் நான் உடனே சந்தேகப்படுவேன்.

சின்னப் பூனைகள் பாடு இன்னும் மோசம். துரும்பன் பூனை ஒன்று ஒன்றரைக் கிலோ எடைதான். புலிக்காக ஒன்றரை அடி உயரத்தில் வைத்த கேமராவுக்குக் கீழேயே நுழைந்து போய்விடும், விழுந்தாலும் காது நுனி மட்டும் இருக்கும். கட்டமும் பெரிது, அதன் எல்லைக்குள் ஒரு கேமரா கூட வராது. ஆனாலும் புலிக் கணக்கெடுப்பில் தற்செயலாக விழுந்த நாலு படத்தை வைத்து, இந்தக் காட்டில் துரும்பன் பூனை அரிது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பூனை அரிதில்லை, நீங்கள் அதற்காகக் கேமரா வைக்கவில்லை. படைச்சிறுத்தை மாதிரி மரத்தில் வாழும் பூனைகளுக்கும் இதே அநியாயம்தான், தரையில் இறங்கும் நேரம் மட்டும்தான் நம் கண்ணுக்கு அது உயிரோடு இருக்கிறது.

உண்ணிமுள்:
வெருகு அக்கா சொல்வது எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 100 கேமரா இரவுக்கு (ஒரு கேமரா ஒரு இரவு காட்டில் இருந்தால் ஒரு கேமரா இரவு) இத்தனை படம் என்று எழுதி, போன வருடம் 3, இந்த வருடம் 6, ஆகவே சிறுத்தை இரட்டிப்பு என்று ஒரு அறிக்கையில் படித்தேன். இதையும் தரவு என்றுதான் சொல்கிறார்கள்.

எண்சாண்:
அதில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். அந்த எண் விலங்கின் அளவையும், அதன் நடையின் வேகத்தையும், பாதையைப் பிடிக்கும் பழக்கத்தையும், கேமரா மாடலையும், யார் இடம் தேர்ந்தெடுத்தார் என்பதையும் எல்லாம் சேர்த்துக் கலக்கிய சாம்பார். போன வருடம் காட்டுக்குள், இந்த வருடம் ஜீப் பாதையோரம் என்று வைத்திருந்தாலே 3 என்பது 6 ஆகிவிடும். ஆண், பெண் வித்தியாசம் கூட உண்டு. பெலீஸ் நாட்டின் காக்ஸ்கோம்ப் காட்டில் ஜாகுவார்களுக்கும், பழைய முகம் எத்தனை திரும்ப விழுகிறது என்று நான் மேலே சொன்ன அதே பிடித்து மறுபிடிப்பு முறையைப் பயன்படுத்தினார்கள். ஜாகுவார் ஆய்வுகளில் ஆண்கள் பாதையில் அடிக்கடி விழும், பெண்கள் குறைவாகத்தான் விழும். படத்தை மட்டும் எண்ணினால் காட்டில் ஆண்களே அதிகம் என்று முடிவு கட்டிவிடுவோம். ஆணுக்கு ஒரு வாய்ப்பு, பெண்ணுக்கு ஒரு வாய்ப்பு என்று தனித்தனியாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அகில இந்திய எண்ணிலும் விவாதத்துக்கு இடம் இருக்கிறது. கேமரா வைக்காத காடுகளுக்குத் தடம், எச்சம், இரை விலங்கு போன்ற அறிகுறிகளை வைத்து நீட்டிக் கணக்கிடுகிறார்கள், அந்த நீட்டல் எவ்வளவு தாங்கும் என்று புள்ளியியல் ஆட்கள் வெளிப்படையாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் மைசூரில் 3,167 என்றார்கள், ஜூலையில் 3,682 என்றார்கள், நாளிதழ்கள் மூன்று மாதத்தில் ஐந்நூறு புலி பிறந்தது போல எழுதின. முதல் எண் குறைந்தபட்சம், இரண்டாவது சராசரி, மேல் எல்லை 3,925. எல்லையைச் சொல்லாமல் ஒற்றை எண்ணைத் தலைப்பில் போடுவதுதான் மாமாவையும் மருமகனையும் சண்டை போட வைக்கிறது.

ஹட்டன்_தேயிலை:
இலங்கையிலிருந்து ஒரு பக்கப் பேச்சு. இங்கே புலியும் இல்லை, சிங்கமும் இல்லை, சிறுத்தைதான் மேலே. கமரா என்றால் வில்பத்து, யால என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுத்துண்டுக்கும் நடுவிலேயே சிறுத்தை வாழ்கிறது. 2019ல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் கருஞ்சிறுத்தை உயிரோடு பதிவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை செத்துப்போனது. கண்ணி காட்டுப்பன்றிக்கு வைத்தது. கமரா வைத்தால் சிறுத்தை எத்தனை என்று தெரியும், கண்ணி எத்தனை என்று தெரியாது. அதற்குக் காலால்தான் நடந்து தேட வேண்டும்.

ஈப்போ_நண்பன்:
ஹட்டன், எங்கள் கதையும் கண்ணிதான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி மலாயாப் புலி 150க்கும் குறைவு. அதுவும் போக, இங்கே கேமராவே திருடுபோகும். கண்ணி வைக்க வந்தவன் தன் முகம் விழுந்துவிட்டதே என்று பெட்டியை உடைத்துக் கார்டை எடுத்துப் போவான். கேமரா காணாமல் போன இடங்களை மட்டும் வரைபடத்தில் குறித்தாலே வேட்டைக்காரன் வழி தெரிந்துவிடும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு.

மாயாறு:
திருட்டு ஒரு பக்கம், எங்களுக்கு யானை. இரும்புக் கூண்டு, சங்கிலி, பூட்டு எல்லாம் போட்டாலும் பிடுங்கி மிதித்துவிட்டுப் போகும், கடைசிப் படத்தில் தும்பிக்கை நுனி மட்டும் இருக்கும். எறும்பு பெட்டிக்குள் முட்டையிடும். மழைக்காடு என்றால் லென்ஸுக்குள் பூஞ்சை. கோடையில் இன்னொரு தொல்லை. இந்தக் கேமரா வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் உணர்கிறது. மதியம் காட்டின் சூடு விலங்கின் உடல் சூட்டை நெருங்கிவிட்டால் முன்னால் போவது அதற்குத் தெரியாது. ஆனால் வெயில் பட்டு ஆடும் ஒரு உண்ணிச்செடிக் கிளையை நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளும். அதனால் வைக்கும்போதே முன்னால் உள்ள புல்லை வெட்டிவிட வேண்டும், சூரியனைப் பார்த்து வைக்கக் கூடாது. கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு திட்டத்தில் மலிவு என்று வாங்கிக் கொடுத்த பெட்டிகள் பேட்டரி மாற்றும்போதெல்லாம் 2000 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். எந்த நாள் எந்தப் புலி என்று தெரியாவிட்டால் எண்சாணின் கணக்குக்கு அந்தப் படம் பிரயோசனமில்லை, அழகான படம், அவ்வளவுதான். யார் வாங்கினார்கள் என்று சொல்லப்போவதில்லை.

வெருகு:
இன்னொன்றை யாரும் தொடவில்லை. இந்தக் கேமரா மனிதரையும் எடுக்கிறது. விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்கள், காட்டை நம்பி ஒதுங்கப் போகிறவர்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றிய கிராமங்களில் நடந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2024ல் வந்தது. கேமராவும் ட்ரோனும் பெண்களைக் கண்காணிக்கவும் அச்சுறுத்தவும் பயன்பட்டதை அது எழுதியது. ஒரு பெண்ணின் படம் வாட்சப்பில் சுற்றியிருக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டமாகப் போனவர்கள் கேமராவுக்குப் பயந்து சத்தமில்லாமல் போக ஆரம்பித்தார்கள், யானை, புலி இருக்கும் காட்டில் சத்தமில்லாமல் போவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

என் குழுவில் ஊர்ப் பாதை எது என்று முதலில் ஊரில் கேட்கிறோம், அங்கே வைப்பதில்லை. மனிதர் விழுந்த படத்தைக் கார்டு இறக்கிய அன்றே அழித்துவிடுகிறோம். அதனால் தரவு குறைந்தால் குறையட்டும்.

உண்ணிமுள்:
அழித்தால் வேட்டைக்காரன் படமும் போய்விடுமே?

வெருகு:
போகும். நான் பூனை எண்ண வந்தவள், போலீஸ் வேலை பார்க்க வரவில்லை. ரோந்துக்குக் கேமரா வேண்டுமென்றால் துறை தனியாக, ஊருக்குச் சொல்லிவிட்டு வைக்கட்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அடுத்த முறை எனக்கு வழி காட்ட ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

மாயாறு:
அக்கா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கண்ணியோடு ஒருவன் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு என்னால் அழிக்க முடியாது. ஆனால் அந்தப் படம் யார் கையில் போகும் என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை.

சிறுமலைக்காரன்:
நிறையக் கற்றுக்கொண்டேன், மாமாவுக்கு ஃபார்வர்ட் செய்தாயிற்று, இன்னும் பதில் இல்லை. ஒரு கேள்வி மிச்சம். எங்கள் கல்லூரி இயற்கைக் குழுவுக்கு ஆறு கேமரா கிடைத்திருக்கிறது. பக்கத்துக் காப்புக்காட்டில் சிறுத்தை எத்தனை என்று எண்ணலாம் என்று பையன்கள் குதிக்கிறார்கள். முடியுமா?

எண்சாண்:
ஆறு என்றால் மூன்று ஜோடி. இரண்டு சிறுத்தை நாலு தடவை விழும். அதை வைத்து எந்தச் சூத்திரமும் ஓடாது, ஓடினாலும் இரண்டிலிருந்து நாற்பது வரை என்று எல்லை வரும். எண்ண வேண்டாம்.

வெருகு:
எத்தனை என்று கேட்காமல், எங்கெங்கே என்று கேளுங்கள். ஜோடி வேண்டாம், ஆறையும் ஆறு இடத்தில் ஒற்றையாக, முழங்காலுக்குக் கீழே வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நாளும் காட்டுப்பூனை வந்ததா இல்லையா, சிறுத்தைப்பூனை வந்ததா இல்லையா என்று மட்டும் பதியுங்கள். ஒரு இடத்தில் முதல் பத்து நாள் வராமல் பதினோராம் நாள் வந்தால், அந்தப் பத்து நாளும் பூனை அங்கே இருந்தது, நாம் தவறவிட்டோம் என்று பொருள். இதை வைத்தே தவறவிடும் வாய்ப்பைக் கணக்கிட்டு, எத்தனை சதவீத இடத்தை அது பயன்படுத்துகிறது என்று சொல்லலாம். வராத நாளையும் எழுத வேண்டும், மாணவர்கள் எழுத மறப்பது அதைத்தான். தோட்டம் ஒட்டிய இடம், ஓடைக்கரை, உள்காடு என்று பிரித்து வையுங்கள். அந்தப் பக்கத்துச் சின்னப் பூனைகளைப் பற்றி யாரும் ஒழுங்காக எழுதியதில்லை என்றால் உங்கள் பட்டியலே முதல் பட்டியல்.

மாயாறு:
முதலில் மாவட்ட வன அலுவலரைப் பார்த்து, முதன்மை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதிக்கு எழுதுங்கள். கடிதம் கையில் வரும் வரை ஒரு கேமரா கூடக் காட்டுக்குள் போகக் கூடாது. அது வருவதற்குள் கல்லூரி வளாகத்திலேயே பையன்களைத் தவழவிட்டுப் பழகுங்கள், கடிகாரத்தையும் ஒருமுறை பேட்டரி கழற்றிப் போட்டுப் பாருங்கள்.